கெஜக் கணக்கில் ஓடிய அப்பா

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கும் பத்திரிகையிலும், நாளிதழில் வரும் நினைவு அஞ்சலியிலும் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். ‘சிறந்த விளையாட்டு வீரர், பல பரிசுகளை வென்றவர்.’ என்ன விளையாட்டு, எந்த மைதானம், எந்த வருஷம் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், ‘ஓட்டம்னு நினைக்கிறேன், காலேஜ்ல ஓடியிருக்கார்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்தக் காலத்துத் தடகள வீரர் களத்தில் இருந்தது பெரும்பாலும் பள்ளி இறுதி வகுப்பிலிருந்து இருபத்தெட்டு, முப்பது வயது வரைதான். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அதற்கு விவரம் தெரியும் முன்பே ஸ்பைக்ஸ் ஷூ பரணுக்குப் போயிருக்கும். மகனும் மகளும் பார்த்தது சைக்கிளில் ஆபீஸ் போய்வந்த அப்பாவை. பேரன் பேத்திகள் பார்த்தது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்ட தாத்தாவை. ஓடிய ஆளை வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை. அதனால் அவரைப் பற்றி ஞாபகத்திலிருந்து எழுத முடியாது, தேடி எடுத்துத்தான் எழுத வேண்டும். அந்தத் தேடலை எப்படிச் செய்வது, எங்கெங்கே சறுக்கும் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டில் படத்திறப்பு, ஒரு பக்கக் கவிதை, ஃப்ளெக்ஸ் என்று முடிந்துவிடுகிறது. பதினாறு நாளோ முப்பத்தொரு நாளோ இந்த வேலைக்குப் போதாது. தேவாரம், வம்சாவளி, ஒரு படம் என்று அந்த நாளுக்கு ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டு வாழ்க்கையை முதல் ஆண்டுத் திவசத்துக்கு வையுங்கள். ஒரு வருஷம் கையில் இருக்கும்.

ஆனால் முதல் சில நாளிலேயே செய்தாக வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, துக்கம் கேட்க வருகிறவர்களில் அப்பாவோடு ஓடியவர், அவரை எதிர்த்து ஓடியவர், ஒரே ரிலே டீமில் இருந்தவர் யாரென்று கேட்டு, பெயரும் செல்பேசி எண்ணும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது. அவர்களுக்கும் எண்பதை ஒட்டிய வயதாக இருக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய ஆட்கள் இல்லை. இரண்டாவது, அவருடைய பெட்டியை யாரும் ‘சுத்தம் செய்யும்’ முன் அப்படியே படம் எடுப்பது. டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு படம், ஒவ்வோர் அடுக்காக எடுக்கும்போது ஒவ்வொரு படம். எந்த மெடல் எந்தக் கவருக்குள் இருந்தது, எந்தச் சான்றிதழோடு எந்தப் புகைப்படம் சேர்ந்து மடிக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் தகவல். தேதி இல்லாத ஒரு படம், பக்கத்தில் இருந்த சான்றிதழால் தேதி பெறும். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, அண்ணனுக்கு ஒரு கப்பு தங்கைக்கு ஒரு மெடல் என்று பிரித்துவிட்டால் அந்தத் தொடர்பு போய்விடும். பங்கு பிரிப்பதானால் எல்லாவற்றையும் படம் எடுத்து எண் போட்ட பிறகு பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பொருள் மேல் எழுத வேண்டாம், காகிதக் கவரின் மேல் எழுதினால் போதும்.

இனி சான்றிதழ். ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் மடித்த, ஓரம் பழுத்த கெட்டித்தாள். மேலே சங்கத்தின் பெயர், நடுவில் பேனா மையில் அப்பாவின் பெயர், அதன் கீழ் ‘440 கெஜம், இரண்டாம் இடம்’, கீழே இரண்டு கையெழுத்து. தேதி இருந்த இடத்தை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? நிறையவே உண்டு.

தாளின் தலைப்பில் தென்னிந்திய ரயில்வே, அதாவது எஸ்.ஐ.ஆர். என்றோ எம்.எஸ்.எம்., அதாவது மதராஸ்–தென் மராத்தா ரயில்வே என்றோ இருந்தால், அது 1951 ஏப்ரலுக்கு முந்தியது. அந்த மாதம்தான் இந்த இரண்டும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். பெயர் இருந்தால் 1955-க்குப் பிந்தியது. ‘மதராஸ் ஸ்டேட்’ என்று அச்சாகியிருந்தால் 1969-க்கு முந்தியது என்று கொள்ளலாம், அந்த ஆண்டு ஜனவரி 14-இல்தான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பழைய தாள் மிச்சம் இருந்தால் சங்கங்கள் அதையே இரண்டு மூன்று வருஷம் ஓட்டுவார்கள், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ கல்லூரியில் படித்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் போட்டியில் ஓடியிருக்கிறார் என்றால் குழம்ப வேண்டியதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல்தான் வந்தது, அதற்கு முன் அந்தக் கல்லூரிகள் சென்னையோடு இருந்தவை. இலங்கைச் சான்றிதழில் ‘சிலோன்’ என்றிருந்தால் 1972 மே மாதத்துக்கு முந்தியது. மலேயா, மலேசியா ஆனது 1963 செப்டம்பரில். இப்படி இரண்டு பக்கமும் எல்லை கட்டி, நடுவில் அவருடைய வயதையும் படிப்பையும் வேலையில் சேர்ந்த நாளையும் வைத்தால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்து நிற்கலாம். மலரில் ‘1958 வாக்கில்’ என்று போடுங்கள். ஊகித்த தேதியை உறுதியான தேதியாக அச்சிட்டுவிட்டால் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது கெஜம். பல வீடுகளில் பெரிய குழப்பம் இங்கேதான். 440 கெஜம் என்பது 402.34 மீட்டர். 220 கெஜம் 201.17 மீட்டர். 100 கெஜமோ 91.44 மீட்டர்தான். ‘எங்க தாத்தா 100 மீட்டரை 10.2 செகண்டில் ஓடினார்’ என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அது 100 கெஜமாக இருந்திருக்கும். 100 கெஜத்தில் 10.2 என்றால் 100 மீட்டருக்குச் சுமார் 0.9 நொடி கூட்டி 11.1 என்று கொள்ள வேண்டும். 1950-களில் புல்தரையில், தோல் ஷூவில் ஓடிய ஒரு கல்லூரி மாணவனுக்கு 11.1 மிக நல்ல நேரம். அதை அப்படியே சொன்னாலே அவருக்கு மரியாதை. 10.2 என்று மீட்டர் கணக்கில் போட்டால், விவரம் தெரிந்தவர் படித்ததும் மலரில் உள்ள மற்ற வரிகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். 440 கெஜ நேரத்தை 400 மீட்டருக்கு மாற்ற 0.3 நொடியும், 220-ஐ 200-க்கு மாற்ற 0.1 நொடியும் கழிப்பது வழக்கம். மாற்றிய எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டு, சான்றிதழில் உள்ள எண்ணை முதலில் எழுதுங்கள்.

நேரத்தை எடுத்தது கையால். ஸ்டாப் வாட்ச்சோடு மூன்று பேர் முடிவுக் கோட்டருகே நிற்பார்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுப்பார்கள், இரண்டு ஒத்துப்போனால் அந்த இரண்டை. துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்தும்போது கை கொஞ்சம் பிந்தும், ஆகவே கையால் எடுத்த நேரம் எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். மின் கடிகாரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 நொடியும், 400-க்கு 0.14 நொடியும் கூட்டுவார்கள். பழைய வாட்ச்சுகள் ஐந்தில் ஒரு பங்கு நொடிதான் காட்டும். அதனால் அந்தக் காலச் செய்தித்தாளில் 50-2/5 என்று இருக்கும். இதை 50.25 என்று படியெடுக்கிறவர்கள் உண்டு. ஐந்தில் இரண்டு என்றால் 0.4, ஆகவே அது 50.4.

இந்தச் சின்ன வேறுபாடு பெரியவர்களையும் விட்டதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் மில்கா சிங் நான்காவதாக வந்தபோது அதிகாரபூர்வ நேரம் கையால் எடுத்த 45.6. அதே ஓட்டத்தின் மின் கடிகார நேரம் 45.73. 1998-இல் பரம்ஜித் சிங் 45.70 ஓடியபோது, எந்த எண்ணை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் பேச்சே. 45.73-ஐ வைத்தால் மில்காவின் இந்தியச் சாதனை உடைந்தது, 45.6-ஐ வைத்தால் உடையவில்லை. நாடே பார்த்த ஓட்டத்துக்கு இந்த நிலை என்றால், தஞ்சாவூரிலோ வவுனியாவிலோ நடந்த ஒரு மாவட்டப் போட்டியின் எண்ணை எழுதும்போது ‘கையால் எடுத்த நேரம்’ என்று சேர்ப்பதில் நட்டமில்லை.

தாண்டியவர், எறிந்தவர் வீடுகளில் வேறு சிக்கல். 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதுவார்கள். பேரன் அதைக் கணினியில் போட்டு மீட்டராக மாற்றினால் 5.1 அடி என்று எடுத்துக்கொண்டு 1.55 மீட்டர் என்று சொல்லும். சரியான கணக்கு 1.78 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கிறது, பாவம் தாத்தா. குண்டு எறிந்தவர் என்றால் எடை தெரிய வேண்டும். ஆண்களுக்கு 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ. பள்ளிப் பையன்களுக்கு 12 பவுண்டு போன்ற எடை குறைந்த குண்டுகள் இருந்தன. எடை சொல்லாமல் தூரம் மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. ஆண்களின் ஈட்டி 1986-இல் மாற்றப்பட்டது, சீக்கிரம் முனை குத்தும்படி அதன் எடைமையத்தை முன்னே தள்ளினார்கள். அதற்கு முந்தைய தூரத்தைப் பிந்தைய தூரத்தோடு ஒப்பிடக் கூடாது.

உயரம் தாண்டுதலில் எப்படித் தாண்டினார் என்பதும் முக்கியம். முதுகு கீழே இருக்கத் தாண்டும் முறை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்குப் பிறகு பரவியது. அதற்கு முன் மணலிலோ மரத்தூளிலோ விழ வேண்டும் என்பதால், காலோ கையோ முதலில் தரையைத் தொடும்படிதான் தாண்ட முடிந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர், அதாவது 6 அடி 8 அங்குலம் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குகளிலும் கலந்துகொண்டவர், 2024-இல் காலமானார். அவருடைய அந்த 2.03-ஐ இன்றைய மெத்தையில் விழுகிறவர்களின் எண்ணோடு வெறுமனே பக்கத்தில் வைத்தால் அதன் பெருமை தெரியாது. உங்கள் அப்பாவின் 5 அடி 10-க்கும் அதே நியாயம்தான். கத்தரிக்கோல் முறையா, குறுக்கே உருண்டு தாண்டினாரா, குழியில் என்ன போட்டிருந்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

மெடல்களுக்கு வருவோம். முதல் கட்டளை, பளபளப்பாக்க வேண்டாம். பித்தளைப் பாலிஷும் பல்பொடியும் புளியும் போட்டுத் தேய்த்தால் மேல் பூச்சு போகும், அதோடு பொறித்த எழுத்தும் போகும். அந்தக் காலத்துப் பரிசு மெடலில் தங்கம் என்பது பித்தளை மேல் மெல்லிய முலாம்தான். மெத்தென்ற பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். விரல் ஈரம் கறையாகப் பதியும் என்பதால் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். ரப்பர் பேண்டிலும் கம்பளித் துணியிலும் செய்தித்தாளிலும் கந்தகம் இருக்கும், ஆகவே இந்த மூன்றிலும் வெள்ளியைச் சுற்றி வைக்கக் கூடாது. மலிவான பி.வி.சி. கவர் ஒட்டும் பதத்துக்கு வந்து பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கப்பின் அடியில் ஈ.பி.என்.எஸ். என்று முத்திரை இருந்தால் அது நிக்கல் கலந்த உலோகத்துக்கு வெள்ளி முலாம். அடகுக் கடையில் போய் அதைத் தெரிந்துகொண்டு வருத்தப்பட வேண்டாம். எழுத்து தேய்ந்துபோன மெடலை இருட்டறையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசையோடு படுக்கவைத்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேரே பார்த்தால் தெரியாத பெயரும் வருஷமும் நிழலில் எழும்பும். டார்ச்சை நான்கு திசையிலும் மாற்றி நான்கு படம் எடுங்கள்.

சில வீடுகளில் மெடலே இருக்காது. மகளுக்குக் கொலுசு செய்ய உருக்கியிருப்பார்கள், பீஸ் கட்ட விற்றிருப்பார்கள். அதை மறைக்காமல் எழுதுங்கள். எந்த மெடல், எந்த வருஷம், எதற்காக என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். பொதுவாகவே அம்மாவை முதலில் கேட்க வேண்டும், பலர் கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

காகிதத்துக்கு இரண்டு பகைவர்கள், லேமினேஷனும் செல்லோ டேப்பும். லேமினேஷன் சூடும் பசையும் சேர்ந்து தாளோடு ஒன்றிப்போகும், பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளே தாள் பழுப்பதும் நிற்காது. செல்லோ டேப் சில வருஷத்தில் காய்ந்து உதிரும், பசை மட்டும் மஞ்சள் பட்டையாகத் தங்கிவிடும். கிழிந்த சான்றிதழை ஒட்டாமல், இரண்டு துண்டையும் ஒரே கவரில் போட்டு, ஸ்கேன் செய்யும்போது சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைச் சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால் பேனா மை வெளிறும், சுவருக்கு நகலே போதும். பூச்சிக்கு நம் ஊர் வசம்பும் வேப்பிலையும் சரிதான், ஆனால் இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூஞ்சணம் பிடிக்க வைக்கும். தாளோடு நேரே ஒட்டாமல் துணிப் பொட்டலமாகக் கட்டி ஓரத்தில் வையுங்கள்.

புகைப்படங்களை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கும், அறுபது பேர் நிற்கும் குரூப் போட்டோவில் முகம் சிறிதாக இருந்தாலும் 1200. பாதுகாக்க டிஃப் கோப்பு, அனுப்ப ஜேபெக். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். பெயர் எழுதுவதானால் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும். இப்போது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசும் செயலிகள் வந்துவிட்டன. அவை பனியனுக்கு இஷ்டப்பட்ட நிறம் அடிக்கும். அந்த நிறம் அப்பாவின் கல்லூரி நிறமாக இருக்காது, பக்கத்தில் நிற்கும் பழைய தோழர் முதலில் பிடிப்பது அதைத்தான். முகத்தை வெட்டி வேறு உடம்பில் கோட்டு சூட்டோடு ஒட்டும் ஃப்ளெக்ஸ் கலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி செய்தித்தாள். சென்னையில் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்ற வார இதழ் 1947 முதல் 1968 வரை வந்தது, தென்னிந்தியப் போட்டிகளுக்கு நல்ல ஊற்று. யாழ்ப்பாணத்தில் 1981-இல் பொது நூலகமும் ஈழநாடு நாளிதழ் அலுவலகமும் எரிக்கப்பட்டதால் உள்ளூர்ப் பதிவுகளில் பெரிய ஓட்டை உண்டு. அதை ஓரளவு அடைக்க, 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் பள்ளி மலர்களும் நினைவு மலர்களும் கிடைக்கின்றன. பழைய நாளிதழைப் புரட்டப் போகும் முன் மாதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பள்ளிகளின் இல்ல விளையாட்டுப் போட்டி, கல்லூரி ஸ்போர்ட்ஸ் டே, பல்கலைக்கழகப் போட்டி எல்லாம் ஒவ்வோர் ஊரிலும் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் நடக்கும். முடிவு வருவது மறுநாளோ மூன்றாம் நாளோ, விளையாட்டுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில்.

அங்கே பெயரைத் தேடுவதில் ஒரு நெருக்கடி. நம் பெயர்களுக்கு இனிஷியல்தான் அடையாளம், நிருபர் அதைத்தான் முதலில் தவற விடுவார். கே. ராஜேந்திரன் ஆர். ராஜேந்திரன் ஆகியிருப்பார். சில ஆண்டுகளில் ஊர் எழுத்தையும் சேர்த்து இரண்டு இனிஷியல், சிலவற்றில் சாதிப் பெயரோடு. ஆகவே பெயரை மட்டும் வைத்து ‘இது அப்பாதான்’ என்று முடிவு செய்யக் கூடாது. கல்லூரி அல்லது அணியின் பெயர், போட்டியின் பிரிவு, தூரம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். அதே பெயரில் அதே மாவட்டத்தில் இன்னொருவர் ஓடியிருக்க நிறையவே வாய்ப்புண்டு. இன்னொன்று, ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், முதலிடம் வந்ததைச் சிலர் போட்டியிலேயே முதலிடம் என்று எடுத்துக்கொள்வார்கள். முடிவுப் பட்டியலில் ‘ஃபைனல்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

வேலை பார்த்த இடத்தையும் விடாதீர்கள். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், தபால் தந்தி, வங்கி என்று விளையாட்டுக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவரானால், சர்வீஸ் ரெஜிஸ்டரில் நியமனத்தின் வகையும் சிறப்பு ஊதிய உயர்வு ஏதும் கிடைத்திருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரைத் தேடுங்கள். 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற டிரில் மாஸ்டர்கள் தென்னாடெங்கும் பரவியிருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த ரிக்கார்டு நோட்டு சில பள்ளிகளின் பீரோவில் இன்னும் கிடக்கிறது.

இப்போது அந்த நோட்டில் எழுதிவைத்த பழைய தோழர்களைப் பார்க்கப் போகலாம். காலை வேளையில், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். செல்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில், துண்டு மேல் வையுங்கள். மேசை மேல் நேரே வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாகப் பதிவாகும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், பதிவைக் கெடுப்பதில் அதுதான் முதல். இரண்டு தோழர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமோதிப்பார், இருவருடைய தனி ஞாபகமும் போய்விடும்.

‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்றுதான் பதில் வரும். உடம்பைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் காலில் உந்தித் தாண்டினார்? ஹர்டில்ஸுக்கு நடுவே மூன்று காலடியா, ஐந்தா? ரிலேயில் எத்தனையாவது ஆள், குச்சியை எந்தக் கையில் வாங்குவார்? வளைவில் முந்துவாரா, நேர்கோட்டுக்காகக் காத்திருப்பாரா? ஷூ யாருடையது, எங்கே வாங்கியது, வெறுங்காலில் எப்போது வரை? போட்டிக்கு முந்தின இரவு என்ன சாப்பிடுவார்? இப்படிக் கேட்டால் எண்பது வயதுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து செய்தே காட்டுவார், அப்போது வீடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் நேரத்தையும் தூரத்தையும் மட்டும் அப்படியே எழுதிவிடாதீர்கள். மனிதர் மூப்படைய மூப்படைய ஓட்ட நேரம் குறைந்துகொண்டே போகும், தாண்டிய உயரம் கூடும். எண்ணைச் சான்றிதழிலிருந்து எடுங்கள், மற்றதை அவரிடமிருந்து எடுங்கள்.

பெரும்பாலான மலர்கள் கடைசி மெடலோடு தாவி, பணி ஓய்வுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் போய்விடுகின்றன. நடுவில் ஐம்பது வருஷம் இருக்கிறது. ஏன் நிறுத்தினார்? தொடைத் தசை கிழிந்ததா, வேலை மாற்றலா, தம்பி தங்கைகளைக் கரையேற்ற வேண்டியிருந்ததா, தேர்வுக் குழுவில் ஏமாற்றமா? நிறுத்திய பிறகு மைதானத்துக்குப் போனாரா, அறவே போகாமல் இருந்தாரா? நடுவராக நின்றாரா? பயிற்சி கொடுத்தாரென்றால் யாருக்கு, சம்பளத்துக்கா சும்மாவா? மகனை ஓடச் சொல்லி வற்புறுத்தி அவன் அதை வெறுத்த வீடு உண்டு. மகளை ஓடவிட்டாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எழுதுகிற பிள்ளைக்கு இது சங்கடம்தான், ஆனால் இரண்டு வரியாவது வேண்டும். புகழுரை மட்டும் நிறைந்த மலரில் அப்பாவின் படத்தை எடுத்துவிட்டு வேறு யார் படத்தைப் போட்டாலும் பொருந்தும்.

தாத்தாவாக அவர் செய்தவற்றையும் இதே துல்லியத்தோடு எழுதலாம். பேரனுக்குத் தொடக்க நிலையில் குனிந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தது, காலையில் நாடித் துடிப்பை எண்ணியது, ஒலிம்பிக் நடக்கும் மாதத்தில் டிவி ரிமோட்டைக் கொடுக்காதது, மூட்டு மாற்று அறுவைக்கு ஒப்புக்கொள்ள அடம்பிடித்தது. பேத்தி சொல்வதை அவள் பேச்சிலேயே அரைப் பக்கம் போடுங்கள், பெரியவர்கள் திருத்த வேண்டாம்.

அச்சு. பின் அடித்த புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். டெம்மி அளவில் 24 பக்கம் தாராளம். படங்களுக்கு எட்டுப் பக்கம் போனால் மீதியில் மூவாயிரம் சொல் வரை அடங்கும். அச்சில் நான்கு அங்குல அகலம் வரும் படத்துக்கு 1200 பிக்ஸல் அகலமாவது தேவை, வாட்ஸாப்பில் சுருங்கி வந்த படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான். கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை போடுங்கள். ஆண்டு, போட்டி, இடம், பிரிவு, தூரம், நிலை, நேரம் அல்லது அளவு, எந்தச் சான்றிலிருந்து எடுத்தது என்று எட்டுக் கட்டம். தெரியாத கட்டத்தில் ஒரு சிறு கோடு. மெய்ப்பு பார்ப்பவர் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும், அப்பாவின் தோழர்களில் கண் நன்றாகத் தெரிகிற ஒருவர். இனிஷியல், கெஜமா மீட்டரா, அடி அங்குலம், குரூப் போட்டோவில் இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்ற நான்கையும் அவர் தனித்தனியாக ஒரு முறை பார்க்க வேண்டும். ஸ்கேன் கோப்புகள் மூன்று பிரதியாக இருக்கட்டும், ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பிடம். அச்சிட்ட மலரில் இரண்டு பிரதியை அவர் படித்த பள்ளிக்கும் கல்லூரிக்கும் தபாலில் அனுப்புங்கள், தலைமையாசிரியர் பெயருக்கு அனுப்பாமல் உடற்கல்வித் துறைக்கு. அங்கே சுவரில் தொங்கும் சாதனைப் பலகையில் அப்பாவின் பெயர் இருந்து, எழுத்துப் பிழையோடோ தவறான ஆண்டோடோ இருந்தால், சான்றிதழின் நகலையும் அதே உறையில் வைத்து அனுப்பலாம்.

வணக்கம்.